கிடார் மேலே போகுது சார்

  இங்கே கொடைக்கானலில் மூன்று நாளாக விடாத மழை. வெளியே போக வழியில்லை. பாதி எழுதி வைத்திருந்த இந்தப் பதிவை இன்று முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன வாரம் திருப்பூரில் இருக்கும் என் பழைய மாணவி வாட்ஸ்அப்பில் இரண்டு கிடார் படங்களை அனுப்பியிருந்தாள். "சார், பொண்ணு கிடார் கத்துக்கணும்னு ஒரே அடம். ஒண்ணு 6,000, இன்னொண்ணு 14,000. எதை வாங்கட்டும் சார்?" அதற்கு முந்தைய மாதம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, சர்ச்சுல வாசிக்க ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். எத்தனை வாட்ஸ் வாங்க?" பள்ளியில் காலை வழிபாட்டுக்குக் கிடார் வாசித்த வாத்தியார் என்பதால், ஓய்வு பெற்று இத்தனை ஆண்டு ஆன பிறகும் இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. நான் பெரிய வித்வான் இல்லை. ஆனால் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவன். அதனால் தெரிந்ததை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கடைசியில் ஒருவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் எழுதவே தொடங்கினேன்.

என் கிடார் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்கு 16 வயது. இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர் என்பது எங்களுக்கெல்லாம் பெரிய பெருமை. அப்போது பண்ணைப்புரமும் கொடைக்கானலும் ஒரே மதுரை மாவட்டம். அவர் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் மற்றவர்களிடம் கிடார் வாசித்தவர் என்று யாரோ சொல்ல, அந்த வாத்தியத்தின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தபோது 'மூடுபனி' பாட்டு ரேடியோவில் வந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவேன். கொடைக்கானல் ஏரிச் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் கிடாரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க மிஷனரிகள் 1901-ல் தொடங்கிய பள்ளி இன்றும் இங்கே இருக்கிறது, சர்வதேசப் பள்ளியாக. அதன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே நடக்கும் பயிற்சியைக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி. தொட்டுப் பார்த்ததில்லை.

வேலை கிடைத்து, மேல்மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு, 1986-ல் மதுரைக்குப் போய் 600 ரூபாய்க்கு ஒரு கிடார் வாங்கினேன். கடையில் நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: பளபளப்பு. பெட்டி கிடையாது. சாக்கில் சுற்றி, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உங்களில் பலர் பார்த்தது அந்தக் கிடாரைத்தான். ஒரு புத்தகத்தை வைத்து நானே கற்றுக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனது. நாலு கார்டு பிடிக்க ஒரு வருடம் ஆனது. எனக்குத் திறமை குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கிடார்.

யாருக்கு வாங்குகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. சிறு பிள்ளை என்றால் நைலான் கம்பி போட்ட கிடார் நல்லது. விரல் வலிக்காது. எட்டு ஒன்பது வயசுக்கு முக்கால் அளவுக் கிடாரே போதும். சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டுக்குக் கார்டு வாசிக்க வேண்டும், சத்தம் கணீரென்று வேண்டும் என்றால் எஃகுக் கம்பி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நைலான் கிடாரில் எஃகுக் கம்பியை மாட்டக் கூடாது. நைலான் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வந்துவிடும், அல்லது கழுத்து வளைந்துவிடும்.

அடுத்து, பலகை. மேல் பலகை ஒரே மரமா, பிளைவுட்டா என்று பாருங்கள். நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பைக் கவனித்தால் தெரியும். மேலே தெரிகிற மரக்கோடு விளிம்பிலும் தொடர்ந்து கீழே இறங்கினால் ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஒரே மரப் பலகை நன்றாக அதிரும், வாசிக்க வாசிக்க நாதம் கூடும் என்பார்கள். விலையும் கூடும். ஆனால் நம்ம மலையின் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் பிளைவுட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். நான் 1986-ல் செய்யாமல் விட்டது. கடைக்குப் போகும்போது பிள்ளையின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக் கிடாரில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நாலு, அஞ்சு மில்லிமீட்டர் இருந்தால் பிள்ளையின் விரல் தாங்காது. விரல் மட்டுமில்லை, சுருதியும் தாங்காது. உயரத்தில் இருக்கும் கம்பியைக் கீழே வரை அழுத்தினால் அது கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்ட கம்பி மேல் சுருதியில்தான் பேசும்.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல், விரலால் லேசாகத் தொட்டு மீட்டி உடனே விரலை எடுங்கள். மணி அடித்த மாதிரி ஒரு ஓசை வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். இப்போது கிடார் தலையில் கவ்வுகிற சின்ன டியூனர் கிடைக்கிறது, போனிலும் இருக்கிறது. அதில் முள் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் கிடாரை நம்பலாம். அழுத்தும்போது முள் வலப்பக்கம் ஓடினால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஆறு கம்பியிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது "ஙீ" என்று இரைந்தால் ஃப்ரெட் மட்டம் இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காய்கறியே தட்டிப் பார்த்து வாங்குகிறோம்!

சென்னைக்குப் போனபோது மருமகன் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகலுக்கு அழைத்துப் போனான். 1842-லிருந்து இருக்கும் கடை. அங்கே ஒரே மாதிரிக் கிடார் மூன்றை எடுத்துப் பார்த்தேன். விலை ஒன்று, கம்பெனி ஒன்று, ஆனால் மூன்றும் மூன்று விதமாகப் பேசின. மரம் அப்படித்தான். அதனால் இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

வாங்கிய பிறகு சத்தத்தை மேம்படுத்த மிகவும் மலிவான வழி கம்பி மாற்றுவது. துரு ஏறிய கம்பியை வைத்துக்கொண்டு "கிடார் நல்லா இல்லை" என்பவர்கள்தான் அதிகம். தினம் வாசித்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். தொடக்கத்தில் 'பத்து' எனப்படும் மெல்லிய கம்பி போதும். அதாவது மெல்லிய கம்பியின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாம் 7,000 அடி உயரத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மரம் ஈரம் குடித்து உப்பும். மேல் பலகை வீங்கி, பிரிட்ஜைத் தூக்கி, கம்பியையும் உயர்த்திவிடும். தை, மாசியில் காற்று காய்ந்து போகும். வீட்டில் கணப்பு வேறு. மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் முனை கையைக் குத்தும். கிடாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கணப்புக்கு அருகில் வைக்காதீர்கள். உறைக்குள் இரண்டு பை சிலிக்கா ஜெல் போடுங்கள். மதுரை வெயிலிலிருந்து கொண்டுவந்தால், உறையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். பிறகு எடுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபயர்.

அக்கா மகன் கேட்ட 'எத்தனை வாட்ஸ்' என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, எந்தக் கிடாருக்கு என்பது. எலெக்ட்ரிக் கிடார் வேறு, பிக்கப் வைத்த சாதா கிடார் வேறு. எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும். அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி அதை விற்கத் தொடங்கியது. பெரிய வாத்தியக் குழுக்களில் கிடார் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். அதற்கான ஆம்ப்ளிஃபயர் உள்ளதை உள்ளபடி பெரிதாக்கும் கருவி அல்ல. அது தன் குணத்தையும் சேர்க்கும். பழைய வால்வு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தால் ஒரு கரகரப்பு வருமே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கரகரப்பைத்தான் எலெக்ட்ரிக் கிடார்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆக, அந்த ஆம்ப்ளிஃபயரும் வாத்தியத்தில் பாதி.

சாதா கிடாருக்கு நேர் எதிர். அதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கீச்சுக் குரலையும் எடுத்துக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர் அதில் தனியாக இருக்கும். 'அக்கூஸ்டிக் ஆம்ப்' என்று கேட்டு வாங்குங்கள். கீபோர்டுக்கான ஆம்ப்ளிஃபயரும் உதவும்.

எங்கள் பள்ளி விழா ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டுகிற பிக்கப் ஒன்றை வாங்கிக் கிடாரில் ஒட்டி, மைக் செட்டில் மைக் சொருகும் இடத்திலேயே சொருகிவிட்டேன். தகர டப்பாவைத் தட்டுவது போல ஒரு சத்தம். தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். மைக் செட்டின் மேல் தவறில்லை. அந்த வகைப் பிக்கப்புக்கு எதிரே பத்து லட்சம் ஓம் அளவுக்கு மின்தடை இருந்தால்தான் அதன் கீழ்ச்சத்தம் தப்பிக்கும். மைக் சொருகும் இடத்தில் அது மிகக் குறைவு. நடுவே ஒரு பிரீ-ஆம்ப் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. இப்போது வரும் பல கிடார்களில் 9 வோல்ட் பேட்டரி போட்டு அது உள்ளேயே இருக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் அதே தகரச் சத்தம்தான் வரும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள். மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர் பேச்சு தூரமாகப் போவதற்காகச் செய்யப்பட்டது. அதில் கிடாரின் கீழ்க் கம்பிகள் கேட்கவே கேட்காது.

வாட்ஸ் கணக்கு இதுதான். 10 வாட்ஸைவிட 20 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தமாக இருக்காது, சற்றுக் கூடுதலாகத்தான் கேட்கும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டுக்கு 10 வாட்ஸ் தாராளம். ஐம்பது அறுபது பேர் கூடும் சின்னச் சர்ச்சுக்கு 30 முதல் 60 போதும். மிச்சக் காசில் நல்ல ஒயரும் ஸ்டாண்டும் வாங்குங்கள்.

ஆம்ப்ளிஃபயரைத் தரையில், சுவர் மூலையில் வைத்தால் 'தொம் தொம்' என்று கும்மும். ஒரு நாற்காலி மேல், மூலையை விட்டுத் தள்ளி வைத்துப் பாருங்கள், தெளிவாகிவிடும். 'கூ' என்று ஊளையிட்டால் ஸ்பீக்கர் சத்தம் கிடார் பலகைக்குத் திரும்பப் போய்ச் சுற்றுகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காதீர்கள். வட்ட ஓட்டையை மூட ரப்பர் மூடி கிடைக்கிறது, அதுவும் உதவும்.

'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் ஒயர், எர்த் இரண்டையும் பாருங்கள். உறுமலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை யாரும் பிடுங்கிவிடாதீர்கள். கையில் எஃகுக் கம்பி, உதட்டருகில் மைக், காலடியில் ஈரத்தரை. உயிர் போகும். இதை மட்டும் வாத்தியாராகவே சொல்கிறேன், விளையாட்டு வேண்டாம்.

இப்போது அந்த மன்னிப்பு.

1994-ம் ஆண்டு. குழந்தைகள் தின விழாவுக்கு ஒத்திகை. ஐப்பசி மழை கொட்டுகிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா, அம்மா இருவரும் பூண்டு, உருளைக்கிழங்குக் காட்டில் வேலை. அவன் பேச மாட்டான், பாடுவான். வரிசையில் கடைசியில் நின்று பாடினாலும் தனியாகக் கேட்கும். அவனைத் தனிப்பாட்டுக்கு நிறுத்தினேன். டீச்சர் ஒருவர் ஆர்மோனியம், நான் கிடார். அவன் குரலுக்கு ஒத்துவர நாலாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டினேன்.

பாட்டு தொடங்கியதும் ஏதோ உறுத்தியது. ஒட்டவில்லை. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை அவனே நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கிடார் மேலே போகுது சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆர்மோனியத்தோடு வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தவன் நான். ஏழாம் வகுப்புப் பையன் எனக்குச் சொல்வதா? "கிடார் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உனக்குத்தான் சுருதி நிக்கல. காது இல்லாதவன் பாட வரக் கூடாது, போய் உக்காரு" என்றேன். வேறு பையனை நிறுத்தினேன். விழா நடந்தது. அந்தப் பையனும் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். அதற்குப் பிறகு வழிபாட்டில்கூட அவன் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு முடித்ததும் போய்விட்டான்.

குறிஞ்சி பூத்த 2018-ல் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம், பரணில் கிடந்த அந்தப் பழைய கிடாரை மதுரையில் ஒரு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். இளைஞர். கம்பி மாட்டி, டியூனரைக் கவ்வவிட்டு, நான் மேலே சொன்ன பன்னிரண்டாவது ஃப்ரெட் சோதனையைச் செய்தார். கம்பி உயரம் 5 மில்லிமீட்டருக்கு மேல். சேடில் இருக்கவேண்டிய இடத்தைவிட முன்னால் இருக்கிறது என்றார். ஒரு சுரத்துக்கும் அடுத்த அரைச் சுரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு 'சென்ட்' என்று பெயர். என் கிடார் 25 சென்ட் மேலே போனது. பழகிய காது ஐந்தாறு சென்ட் மாறினாலே கண்டுகொள்ளும். அழுத்தாமல் மீட்டினால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் ஆர்மோனியத்தோடு வைத்தபோது எனக்குத் தெரியவில்லை. அழுத்தினால், கேப்போவை மாட்டினால், தப்பு கூடும். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

அந்தத் தம்பி தலை நிமிராமலே சொன்னார்: "உங்க கை மேல தப்பில்ல சார். கிடார்தான் மேலே போகுது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அதே வார்த்தைகள். அன்று அந்த அறையில் மூன்று சத்தங்கள் இருந்தன: ஆர்மோனியம், கிடார், ஒரு பையனின் குரல். எது தப்பு என்று சரியாகச் சொன்னது அவன் ஒருவன்தான். காது இல்லாதவன் நான்.

அவர் சேடிலை நகர்த்தித் தேய்த்து, நட்டின் பள்ளங்களை ஆழமாக்கி, மெல்லிய கம்பி மாட்டிக் கொடுத்தார். 800 ரூபாய். எட்டு வருடம் அதை வைத்துக்கொண்டு 'எனக்குத் திறமை இல்லை' என்று நினைத்ததையும், ஒரு பிள்ளையிடம் 'உனக்குக் காது இல்லை' என்று சொன்னதையும் அந்த வேலை ஒரு மணி நேரத்தில் பொய்யாக்கிவிட்டது.

ஆகவே திருப்பூர் மகளே, உனக்கு என் பதில்: 6,000 ரூபாய்க் கிடாரை வாங்கு. கூடவே ஆயிரம் ரூபாய் செலவானாலும் நல்ல ஆளிடம் கொடுத்துக் கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்து வாங்கு. பிறகு பிள்ளை கையில் கொடு. "வலிக்குதும்மா", "சரியா கேக்கலம்மா" என்று அவள் சொன்னால் உடனே அவளைத் திட்டாதே. முதலில் கிடாரைப் பார்.

1994-ல் ஏழாம் வகுப்பில் இருந்த தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். உனக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். நீ எங்கே இருக்கிறாய் என்று உன் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நீ சொன்னது சரி. கிடார்தான் மேலே போனது. எல்லோர் முன்னாலும் உன்னைச் சொன்னேன், அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

கிடார் இப்போது என் வீட்டு உள்சுவரில் தொங்குகிறது. கொடைக்கானல் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நீண்ட பதிவாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கிடார், ஆம்ப்ளிஃபயர் பற்றி வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவனுக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்